பிள்ளைக்கா

முன் அறையிலிருந்து அவர் "பிள்ளை" என்று கூப்பிட்டார். நான் குசினியில் சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்று துழாவாவிட்டால் திரைந்துபோகும் என்று தெரிந்தும், கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அந்தச் சொல்லை என் கணவரின் வாயால் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. வாசலில் நின்று "என்னப்பா?" என்றேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் தன்னுடைய பழைய சாரத்தை மடித்துப் போட்டு, அதற்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"உம்மை இல்லை. இவவைக் கூப்பிட்டனான்" என்றார்.

நாய்க்கு மரியாதையாக "இவ". திரும்பிப் போய்ப் பார்த்தால் சொதி திரைந்து கிடந்தது. எனக்கும் அந்த நாய்க்கும் சரிவராது என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் கற்களுக்குள் கிடந்து கத்திக்கொண்டிருந்ததாம். காலை நடக்கப் போனவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மண்ணிறம், முன்காலில் ஒன்று மட்டும் வெள்ளை, சாதி கீதி ஒன்றும் இல்லாத தெருநாய். குட்டியாக இருந்தபோது வடிவாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. என்னுடைய பிரச்சினை நாயில்லை, பெயர்.

"பிள்ளை" என்பது என்னுடைய சொல். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளை வீட்டுக்கு வீடு அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் என் அப்பா கூப்பிட்டால் அது எனக்கென்றே செய்த சொல் மாதிரி இருக்கும். கலியாணம் முடித்த புதிதில் அப்பாவின் வாயைப் பார்த்து இவரும் அதைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, சாவியை எங்க வைச்சனீர்?" "பிள்ளை, தேத்தண்ணிக்குச் சீனி காணாது." அப்பா போனபின் என்னை அப்படிக் கூப்பிட இவர் ஒருவர்தான் மிச்சம். பிறகு எப்போது என்று தெரியாமல் அது "இஞ்சரும்" ஆகிவிட்டது. சரி, வயது போனால் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று பேசாமல் இருந்தேன். சொல் காணாமல் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அதை எங்கேயோ பத்திரமாக வைத்திருந்து ஒரு நாய்க்குக் கொடுப்பார் என்று நான் கண்டேனா?

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

நான் அந்த நாயை ஒருநாளும் அந்தச் சொல்லால் கூப்பிடவில்லை. "உது" என்பேன். கோபம் வந்தால் "உங்கட நாய்". அவர் வங்கியிலிருந்து எனக்கு முன்னமே ஓய்வு பெற்றுவிட்டார். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் சரக்குக் கந்தோருக்கு இன்னும் போய்வந்துகொண்டிருந்தேன். ஆகவே பகல் முழுக்க வீடு அவர்கள் இருவருக்கும் சொந்தம். பின்னேரம் பஸ்ஸில் நசுங்கி வந்து நான் கதவைத் திறந்தால், அது ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கும். நான்தான் என்று தெரிந்ததும் மூடிக்கொள்ளும். அவர் முன்கடைக்குப் போய்ப் பால்மா வாங்கிக்கொண்டு வந்தாலோ, வெளிநாட்டிலிருந்து வந்தவரைப் போல வரவேற்பு. வால் ஆடி, இடுப்பு ஆடி, கடைசியில் நாயே ஆடும்.

"சாப்பிட்டியே குஞ்சு?" என்று அதைக் கேட்பார். நான் சாப்பிட்டேனா என்று அவர் கடைசியாகக் கேட்டது எந்த அரசாங்கத்தின் காலத்தில் என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கோழிக் கழுத்தை அவித்து, எலும்பை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டுக் கொடுப்பார். எனக்கு ஒரு மீன்துண்டில் முள் எடுத்துத் தந்திருப்பாரா? ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"உதைப் பாக்கிற கண்ணால என்னையும் ஒருக்காப் பாத்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

"உமக்கென்ன விசரே? நாயோட போய் எரிச்சல் படுறீர்" என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். எரிச்சல்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு எரிச்சல்பட்டால் ஊர் எனக்காக நியாயம் கதைக்கும். நாயோடு எரிச்சல்படுகிறவளுக்கு யார் வருவார்கள்? குட்டி வளர்ந்து கிழடாகும்வரை நானே வைத்துக்கொண்டு இருந்தேன்.

பொறாமைக்காரியின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. அதனால்தான் அதற்கு உடம்பில் வருத்தம் என்பதை முதலில் கண்டது நான். எங்கள் வீட்டுத் தெருவுக்கு, அந்த ஒழுங்கைக்கு, அந்தியில் சூன் பாண் வரும். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற அந்த த்ரீவீலின் சத்தம் சந்தியில் கேட்டதுமே இது கழுத்தை நிமிர்த்தி ஊளையிட்டுக்கொண்டு கேற்றுக்கு ஓடும். அவர் ஒரு மாலு பணிஸ் வாங்கிப் பாதியைத் தான் தின்று, மீன் இருக்கிற பாதியை அதற்குக் கொடுப்பார். ஒரு சனிக்கிழமை பாட்டு வந்தது, கேற்றடியில் நின்றது, போயும் விட்டது. நாய் தலையைத் தூக்கவில்லை.

"உதுக்கு என்னவோ" என்றேன்.

"வெக்கை" என்றார்.

"வெக்கை எல்லாருக்கும்தான். உது சுகமா இல்லை."

அடுத்த நாட்களில் எங்கள் அனெக்ஸ் வாசலில் இருக்கிற ஒரேயொரு படியில் ஏற அது நின்று யோசித்தது. தாடைக்குக் கீழே கட்டி மாதிரி ஏதோ உருளுவதாக அவரே சொன்னார். உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது பல்லுக்கு மேலே முரசு வெளிறிப்போய் இருந்தது. பிறகுதான் பாமன்கடையில் இருந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். வாசலில் கார்ட் எழுதுகிற பெண், நாயின் பெயர் என்ன என்று கேட்டாள். இவர் கூச்சமே இல்லாமல் "பிள்ளை" என்றார். அவள் அதைக் கார்ட்டில் எழுதிக்கொண்டாள். எங்கள் முறை வந்ததும் அவள் "பிள்ளை" என்று உரத்துக் கூப்பிட, நான் என்னையறியாமல் எழும்பிவிட்டேன். நாயும் எழும்பியது. எல்லாரும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள்.

கொழும்பில் ஒரு நாய் சோர்ந்து படுத்தால் முதலில் எல்லாரும் நினைப்பது உண்ணிக் காய்ச்சல்தான். உண்ணி கடித்து வருவது. அதிலும் காய்ச்சல், சோர்வு, இரத்தம் குறைவது எல்லாம் உண்டு. டொக்டரும் அதற்குத்தான் முதலில் மாத்திரை தந்தார். கொஞ்சம் தேறியது மாதிரி இருந்து, திரும்பவும் படுத்துவிட்டது. பிறகு இரத்தம் எடுத்தார்கள். அது போதாதென்று மயக்கி, எலும்புக்குள் ஊசி விட்டு மச்சையும் எடுத்தார்கள். மச்சை எடுத்த அன்று இவர் வீட்டில் தரையில் பாயைப் போட்டு அதனோடு படுத்தார். எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது இரண்டு இளநீரைத் தலைமாட்டில் வைத்துவிட்டு நடக்கப் போனவர் இவர். இப்போது நாயின் பிளேட்லெட் எவ்வளவு என்று மனப்பாடமாகச் சொல்கிறார். அந்த டெங்குவில் என்னுடையது எவ்வளவுக்கு இறங்கியது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்.

முடிவு கேட்கப் போன நாளில்தான் அந்தக் கூத்து நடந்தது. டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர். இவரோடு சிங்களத்தில் கதைப்பார், என்னைக் கண்டால் தனக்குத் தெரிந்த தமிழையும் இடையில் போடுவார். என் சிங்களம் மரக்கறிக் கடைச் சிங்களம். கிலோவுக்கு மேல் அது போகாது. மேசையில் நாலைந்து ரிப்போர்ட்கள் கிடந்தன. அவர் ஒன்றை எடுத்து, பார்த்து, இன்னொருமுறை பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"மேடம்... லே பிலிக்கா."

எனக்கு என்ன கேட்டது தெரியுமா? "பிள்ளைக்கா?" என்று கேட்டது. ரிப்போர்ட் மாறிவிடக்கூடாது என்று, இது பிள்ளைக்கா என்று தமிழில் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். தமிழ் கதைக்கிறாரே, பாவம், ஊக்கம் கொடுப்போம் என்று முகம் நிறையச் சிரித்தேன்.

"ஓம் டொக்டர். பிள்ளைக்குத்தான்" என்றேன்.

டொக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தலையை ஆட்டினார். திரும்பி இவரைப் பார்த்தேன். இவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. நாய் இவருடைய செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்த பிறகுதான் கேட்டார்.

"உமக்கு விளங்கேல்லையே?"

"என்னத்தை?"

"பிலிக்கா எண்டா கான்சர். லே எண்டா ரத்தம்."

அந்தச் சொல் எனக்குத் தெரியாததல்ல. பஸ்ஸில் எத்தனை தரம் யாருடையவோ வருத்தத்தைப் பற்றிக் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் என் காதுக்குள் ஏற்கெனவே ஒரு சொல் குந்திக்கொண்டிருந்தது. வேறொன்றும் உள்ளே போக அது வழிவிடவில்லை. இவர் நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அழுது பார்த்ததில்லை. என் அப்பாவின் செத்தவீட்டில்கூட இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, யாருக்கு அழுதார், யாருக்கு அழவில்லை என்ற கணக்குத்தான் வந்தது.

அந்தச் சிரிப்பின் பலன் வேறு. அன்றிலிருந்து டொக்டர் என்னைப் பெரிய தைரியசாலி என்று முடிவு கட்டிவிட்டார். எல்லாம் தெரிந்துகொண்டு, மனதைத் தயார்படுத்திக்கொண்டு வந்தவள் என்று. அதற்குப் பிறகு எதுவென்றாலும் "மேடத்துக்குச் சொல்றேன்" என்று என்னிடம்தான் சொல்லுவார். இவரிடம் நாயைத் தடவிக் கொடுக்கச் சொல்லுவார். ஆகவே அந்த நோயைப் படித்து விளங்கிக்கொள்ளுகிற வேலை, நாயின் மேல் எரிச்சல்பட்டவளுக்கு வந்து சேர்ந்தது.

டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தியதையும், நான் பஸ்ஸில் போனில் வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இரத்தம் உண்டாகிறது எலும்புக்குள் இருக்கிற மச்சையில். செங்குழியம், வெண்குழியம், இரத்தம் உறையச் செய்கிற பிளேட்லெட் எல்லாம் அங்கேயிருந்துதான் வருகின்றன. வெண்குழியத்தின் வேலை கிருமியோடு சண்டை பிடிப்பது. இந்த நோயில் ஒருவகை வெண்குழியம் அளவில்லாமல் பெருகும். ஆனால் அவற்றுக்கு வேலை தெரியாது, சும்மா இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும். எங்கள் கந்தோர் நினைவுக்கு வந்தது. முதலாளி தன் சொந்தக்காரர் எல்லாரையும் கொண்டுவந்து கதிரையில் இருத்திவிட்டார். வேலை செய்கிற நாங்கள் பைலை வைக்க இடமில்லாமல் நிற்கிறோம். அப்படித்தான். செங்குழியத்துக்கு இடமில்லாததால் முரசு வெளிறும், சோர்வு வரும். பிளேட்லெட்டுக்கு இடமில்லாவிட்டால் தோலுக்குக் கீழே இரத்தம் கசியும். வெண்குழியம் கூடியிருந்தும் கிருமி வந்தால் தடுக்க ஆளில்லை.

இதில் விரைவாகக் கொல்லுகிற வகை ஒன்று, மெதுவாகப் போகிற வகை ஒன்று. எங்களுடையது மெதுவானது என்றார் டொக்டர். வயது போன நாய்களுக்கு வருவது. சுகப்படுத்த முடியாது, ஆனால் மாத்திரையால் நல்லபடியாகக் கொஞ்சக் காலம் கொண்டுபோகலாம். ஒருநாள் அது குணம் மாறி விரைவாகவும் ஆகலாம் என்றும் சொன்னார். அதை நான் இவருக்குச் சொல்லவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது இவர் பிளேட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் குடுத்த பணிஸாலதான் வந்திருக்குமோ?"

ஓம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருடத்துக் கோழிக் கழுத்துக்கும் மாலு பணிசுக்கும் ஒரேயடியாகப் பழி தீர்த்திருக்கலாம்.

"சாப்பாட்டால வாறதில்லை" என்றேன். "உண்ணியாலயும் இல்லை. மற்ற நாய்க்கும் தொத்தாது, எங்களுக்கும் தொத்தாது. ஏன் வருதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதில உங்கட பங்கு ஒண்டும் இல்லை, சாப்பிடுங்கோ."

பிளேட்டை இழுத்துக்கொண்டார்.

மாத்திரை இரண்டு வகை. ஒன்று கான்சருக்கு. அதை உடைக்கக்கூடாது, வெறும் கையால் தொடக்கூடாது, கிளவ்ஸ் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். நாயின் சிறுநீரையும் கவனமாக நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இவருக்கு அதன் வாயைத் திறக்க மனம் வரவில்லை. "அவவுக்கு நோகும்" என்று தள்ளி நின்றார். ஆகவே அதுவும் என் தலையில். காலையில் கந்தோருக்குச் சேலை உடுத்துக்கொண்டு, கையில் ரப்பர் கிளவ்ஸ் மாட்டி, சூடைமீன் துண்டுக்குள் மாத்திரையை ஒளித்து வைத்துக்கொண்டு நிற்பேன். என்னை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

மற்ற மாத்திரைதான் எனக்கும் ஒரு காலத்தைக் கொண்டுவந்தது. அது ஸ்டெரொயிட். அதைக் குடித்தால் தாகம் எடுக்கும், பசி எடுக்கும், சும்மா பசியில்லை, ஆளையே தின்கிற பசி. நாய் குசினியை விட்டுப் போகாது. நான் தேங்காய் திருவினால் துருவலைக்குப் பக்கத்தில் அதன் மூக்கு. நான் குளித்துவிட்டு வந்தால் வாசலில் அது. பின்னேரம் நான் கேற்றைத் திறக்கிற சத்தத்துக்கு, திருவிழாக் கண்ட மாதிரி வால் ஆட்டிக்கொண்டு ஓடிவரும். கந்தோரிலிருந்து களைத்து வருகிறவளை வரவேற்க ஒரு சீவன் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேண்டுமென்றே கேற்றை இரண்டு தரம் ஆட்டித் திறப்பேன்.

இவர் முன் அறையிலிருந்து கூப்பிடுவார்.

"பிள்ளை, இஞ்ச வா."

போகாது. என் காலடியில் இருந்துகொண்டு காதை மட்டும் திருப்பும்.

"என்ன மருந்து போட்டு மயக்கினீர்?" என்று ஒருநாள் கேட்டார். பகிடியாகக் கேட்டார், ஆனால் பகிடி முழுக்க இல்லை. குரலில் அந்த எரிச்சல் இருந்தது. எனக்கு அது எத்தனை வருடமாகப் பழக்கமான எரிச்சல். ஆளின் முகத்தில் அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"டொக்டர் எழுதின மருந்துதான்" என்றேன்.

அது உண்மையும்கூட. மாத்திரையின் பசிதான் என் பின்னால் வந்தது, நாய் வரவில்லை. எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்துகொண்டும் மீன்தலையைப் பெரிதாக வெட்டினேன்.

அது நீளவில்லை. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, வெண்குழியம் இறங்கிவிட்டது என்று டொக்டர் ஸ்டெரொயிட்டைக் குறைத்தார். வீட்டுக்கு வந்து அந்த மாத்திரையைப் பாதியாக்கினோம், பிறகு அதிலும் பாதி. பசி இறங்க இறங்க நாயும் குசினியிலிருந்து பின்வாங்கியது. முதலில் வாசற்படி, பிறகு சாப்பாட்டு மேசை, ஒருநாள் பின்னேரம் நான் கேற்றைத் திறந்து உள்ளே வர, அது அவருடைய செருப்பின் மேல் படுத்திருந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது. அது சுகமாகிவிட்டது என்று அவர் பூரித்துப்போய் இருந்தார். நான் உள்ளே போய்ச் சேலை மாற்றாமல் கட்டிலில் இருந்தேன். உதுக்கு நன்றி என்பதே இல்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

நல்ல காலம் ஒன்று இருந்தது. சூன் பாணுக்கு மறுபடி ஊளையிட்டது. ஆடிவேல் ரதம் காலி வீதி என்கிற பெருந்தெருவில் போனபோது மேளத்துக்குக் குரைத்து ஒழுங்கைச் சனம் முழுவதையும் எழுப்பியது. நான் தொடர்ந்து கிளவ்ஸ் மாட்டி மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். எடுக்கும், விழுங்கும், அவரிடம் போகும். தாதிக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

பிறகு ஒருநாள் குளிக்க வார்க்கும்போது அதன் வயிற்றில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகளைக் கண்டேன். நுளம்பு கடித்ததாக்கும் என்றார் இவர். நான் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முரசு தேங்காய்ப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. டொக்டர் சொன்ன குணமாற்றம் இதுதான் என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மூன்றாம் நாள் மூக்கால் இரத்தம் வந்தது. மீனுக்குள் ஒளித்த மாத்திரையை மட்டுமில்லை, மீனையே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியது. அந்தி சூன் பாணில் அவர் ஓடிப்போய் மாலு பணிஸ் வாங்கிவந்து, மீனை மட்டும் நோண்டி எடுத்து அதன் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார். அது அவருடைய விரலை ஒருமுறை நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அப்படி என் விரலை அது நக்கியதில்லை.

அடுத்தநாள் காலை பாமன்கடைக்குக் கொண்டுபோனோம். இவர் த்ரீவீலில் அதைச் சாரத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தார். டொக்டர் பார்த்தார், இரத்தம் எடுத்துப் பார்த்தார், பிறகு என்னிடம்தான் வந்தார். இனி மருந்து கேட்காது, மூச்சு எடுக்கக் கஷ்டப்படுகிறது, நோகாமல் நித்திரையாக்கிவிடலாம் என்றார். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேர் வெளியில இருக்கட்டும்" என்றார் டொக்டர். "மேடம் மட்டும் உள்ள வாங்க. மேடத்துக்கு மனத் தைரியம் இருக்குது."

ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டுச் சிரித்ததற்கு எனக்குக் கிடைத்த பட்டம் அது. இவர் என்னைப் பார்த்தார். "என்னால ஏலாது, நீர் போம்" என்றார். நாயைச் சாரத்தோடு என் கையில் தந்தார். அதை நான் தூக்கியது அதுதான் முதல் தரம். பாரமே இருக்கவில்லை.

உள்ளே மேசையில் வைத்ததும் அது நடுங்கத் தொடங்கியது. நகம் மேசைத் தகட்டில் கிறுகிறுவென்று சத்தம் போட்டது. டொக்டர் காலில் மயிர் வழித்து நரம்பு தேடினார்.

"ஏதாவது கதைங்க மேடம். தெரிஞ்ச குரல் கேட்டா பயப்படாது."

நான் என்ன கதைக்க? இத்தனை வருடத்தில் அந்த நாயோடு நான் கதைத்ததெல்லாம் "தள்ளு", "போ", "குடி" மட்டும்தான். "உது" என்று கூப்பிட்டால் அதற்குத் தெரியுமா? அதற்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். எனக்கும் தெரிந்த பெயர்தான்.  அதைக் கொடுக்க மனமில்லாமல்தான் நின்றேன். நகத்தின் சத்தம் நிற்கவில்லை.

"பிள்ளை" என்றேன். குனிந்து காதுக்குள் இன்னொரு தரம் சொன்னேன். "பிள்ளை, ஒண்டுமில்லை, பயப்பிடாதை."

நடுக்கம் நின்றது. காது இரண்டும் எழும்பின. தூக்க மாட்டாத தலையைத் தூக்கியது. தூக்கி, என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் கதவைப் பார்த்தது. அந்தச் சொல் கேட்டால் யார் வர வேண்டுமோ அவர் வருவார் என்று பார்த்தது. டொக்டர் ஊசியை ஏற்றினார். நான் அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். கண் கதவிலேயே இருந்தது, பிறகு கண் மட்டும் இருந்தது. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய்.

வெளியே வந்தேன். அவர் வாங்கில் கழுத்துப் பட்டியைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன்.  நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"என்னைத் தேடினவவே?"

தேடியது என்று சொன்னால் இந்த மனிசன் உள்ளே வராமல் விட்டதை நினைத்து நினைத்தே செத்துப்போகும். அது ஒரு காரணம். ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

"இல்லை" என்றேன். "கடைசி மட்டும் என்னையே பாத்துக்கொண்டு கிடந்தது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணீருக்குள்ளால் அந்தப் பார்வையை எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. ஒவ்வொரு பின்னேரமும் கேற்றடியில் நின்று நான் அவர்கள் இருவரையும் பார்த்த பார்வை அது.

த்ரீவீலில் திரும்பி வந்தோம். அவருடைய மடியில் வெறும் சாரம் இருந்தது. வெள்ளவத்தைச் சந்தியில் வாகனம் நின்றபோது, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீர் குடுத்து வைச்சனீர், பிள்ளை."

அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அவருக்கே தெரியாது. நான் சாரத்தை எடுத்து மடித்தேன். இப்போதும் சில நேரம், சூன் பாண் பாட்டுக் கேட்கிறபோது, அது கடைசியில் உம்மைத்தானே பார்த்தது என்று குறையாகச் சொல்லுவார். ஓம் என்பேன். நான் இன்னும் அதைத் திருத்தவில்லை.